கல்லுக்குருவிக்காரி

கலிபோர்னியாவில் எங்கள் லிவர்மோர்த் தமிழர் வட்டாரத்தில் அவளுக்கு சிபிஐ என்று பேர். வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவளுக்குச் செய்தவற்றில் ஆகச் சின்னது அதுதான்.

எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த டவுன்ஹவுஸுக்கு அவளும் அவள் புருஷனும் வாடகைக்கு வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம். ஊரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். அவனுக்கு சாஃப்ட்வேர் வேலை. அவன் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு அவள் வந்திருந்தாள். அந்த விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதிருக்கும். என்னை அக்கா என்பாள். நான் கோபிக்காரி. வந்து இருபத்திரண்டு வருஷமாகி, கிரீன் கார்டையும் தாண்டி சிட்டிசன் ஆனவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

அவளிடம் யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் வரும். "நீங்க பாத்தீயளா?"

ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு வருகிற ஒரு பாட்லக்கில் நாலைந்து பெண்கள் சோபாவில் உட்கார்ந்து, அன்றைக்கு வராத ஒரு தம்பதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள் பேச்சுவார்த்தையே இல்லையாம், ஆளுக்கொரு பெட்ரூமாம். எல்லாருக்கும் கேட்க சுகமாக இருந்தது. இவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க பாத்தீயளா?" என்றாள். சொன்னவள், "இல்ல, சொன்னாங்க" என்றாள். "யாரு சொன்னாவ? அவிய பாத்தாவளா?" அவ்வளவுதான். யாரோ எழுந்துபோய் சமோசா இருக்கிறதா என்று பார்த்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே நான் வாட்ஸப்பில் அந்தப் பேரை வைத்தேன். பதினோரு பேர் சிரித்தார்கள்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அதெல்லாம் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தன்னிடமும் அப்படியேதான் இருப்பாள். டிரைவிங் டெஸ்ட்டில் ஒருதரம் லேன் மாறி முடித்ததும் எக்ஸாமினர், "தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாயா?" என்று கேட்டிருக்கிறார். இவள் பார்க்கவில்லை. "பார்க்கவில்லை" என்று சொல்லியிருக்கிறாள். ஃபெயில். ரெண்டாம் முறை வேறு ஒரு எக்ஸாமினர், வேறு ஒரு கேள்வி, அதே மாதிரிப் பதில். மூன்றாம் முறை போகவில்லை. "கண்ணாடியில பாத்தேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றேன். "கண்ணாடியிலயும் பாக்கலக்கா" என்றாள்.

என் வெண்பொங்கலுக்கு எங்கள் வட்டாரத்தில் பேர் உண்டு. அவளிடம் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "உப்பு கூடக்கா. முந்திரி நல்லாருக்கு." இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் உப்பு கூட என்று சொன்னதில்லை. ராத்திரி மீந்ததை நானே ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். கூடத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு மார்பில் கட்டி வந்து பயாப்சி எடுத்தபோது, ரிசல்ட் வருகிற வரை நாலு நாளும், எல்லாரும் போனில் "ஒண்ணும் இருக்காது, சும்மா வொரி பண்ணிக்காதீங்க" என்றார்கள். ரெண்டாம் நாளோடு நான் போனை எடுப்பதையே விட்டுவிட்டேன். எதிர்வீட்டிலிருந்து இவள் வந்தாள். "ஒண்ணும் இருக்காதுன்னு நீயும் சொல்லேன்" என்றேன். "எனக்குத் தெரியாதுக்கா. ரிசல்ட் வரட்டும். நான் கூட வாறேன்" என்றாள். வந்தாள். டாக்டர் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபிறகு, காரில் ஏறி சீட் பெல்ட்டெல்லாம் போட்டுக்கொண்டு, "இப்ப சொல்லுதேன், ஒண்ணும் இல்லக்கா" என்றாள். அன்றைக்கு நான் அழுதேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் அதைச் செய்தேன்.

எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலையில் மைன்ஸ் ரோட்டில் காரை ஓரங்கட்டி அரைமணி நேரம் நடப்பேன். லிவர்மோரைத் தாண்டித் தெற்கே அந்த ரோட்டில் கொஞ்சதூரம் போனால் பச்சையெல்லாம் தீர்ந்துவிடும். சரிவு முழுக்கக் கல்லும் காய்ந்த புல்லும்தான். ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கார் கதவைத் திறந்ததும் எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. ஒரே ராகத்தை நாலுதரம், பிறகு வேறொன்றை நாலுதரம். அவள் அப்படியே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் தேடி ஒரு பாறை மேல் கையைக் காட்டினாள். கல் நிறத்தில், சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை. ரெண்டு வரி பாடும், ஒரு தோப்புக்கரணம் போடும். மறுபடி பாடும், மறுபடி தோப்புக்கரணம்.

ராக் ரென் என்று பேர். அவள் கல்லுக்குருவி என்று வைத்துக்கொண்டாள். மணலே இல்லாத வெறுங்கல் பாலைவனங்கள்தான் அதற்குச் சொந்த இடம் என்றும், நெவாடா அரிசோனா பக்கம் நிறைய உண்டு என்றும், இந்தச் சரிவில் ஏதோ ஒன்றிரண்டு ஜோடிகள் இருக்கின்றன என்றும் சொன்னாள். "இது தண்ணியே குடிக்காதுன்னு படிச்சிருக்கேன். நான் பாக்கல" என்றாள். படித்ததையும் பார்த்ததையும் அவள் ஒரு நாளும் கலந்து பேசினதில்லை.

பாறை இடுக்கில் அதன் கூடு இருந்தது. கூட்டு வாசலில் அந்தக் குருவி கல் பாவும். இதை அவள் சொன்னபோது நான் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைக் கல்லாகப் பார்த்துப் பொறுக்கி, அலகால் தூக்கிவந்து, வாசலில் நடைபாதை மாதிரிப் பரப்புமாம். எதற்கென்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். அவள் வாராவாரம் போட்டோ எடுத்து எண்ண ஆரம்பித்தாள். முதல் வாரம் ஒன்பது. அடுத்தது பதினேழு. ஒவ்வொரு கல்லையும் அவளுக்குத் தெரியும். செங்கல் நிறத்தில் ஒன்று, வெள்ளைக் கோடு ஓடுகிற ஒன்று, மூலை உடைந்த ஒன்று என்று தெருப்பிள்ளைகளைச் சொல்கிற மாதிரிச் சொல்லுவாள். நான் "ம்" கொட்டுவேன். அமெரிக்கா வந்ததிலிருந்து ஏழெட்டுப் பேராசிரியர்களுக்கு, உங்களிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர வேண்டும் என்று அவள் எழுதியிருக்கிறாள். ஒருத்தரும் பதில் போட்டதில்லை. இந்தக் கல் கணக்கோடு எழுதினால் ஒருவேளை யாராவது படிப்பார்கள் என்று நினைத்தாள். சேர்ந்துவிட்டால் அவளுக்கென்று சொந்தமாக ஒரு விசா. புருஷன் வாலைப் பிடிக்க வேண்டாம்.

இப்போது என் கொலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. இங்கே வந்து, எல்லாரும் வைக்கிறார்களே என்று ஆரம்பித்தேன். மூணு படியில் ஆரம்பித்தது ஒன்பது படியாகி, பக்கத்தில் பார்க் ஒன்று தரையை அடைத்துக்கொண்டது. வருஷத்துக்கு ஒரு தீம். வாட்ஸப் குரூப்பில் போட்டோ போட்டால் ஹார்ட் எண்ணி இந்த வருஷம் யார் கொலு முதல் என்று முடிவாகும். அந்த வருஷத்துக்கு என் தீம் கிரிவலம். தெர்மகோல் மலை, சுற்றிக் கல் பாவின பாதை. மே மாதமே சாமான் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். கடையில் விற்கிற கூழாங்கல்லெல்லாம் உருண்டை, பளபளப்பு. எனக்கு வேண்டியது தட்டைக்கல், கட்டைவிரல் நகத்தளவு, எல்லாம் ஒரே அளவில்.

ஆறாவது சனிக்கிழமை. அவள் போட்டோ எடுத்துவிட்டு, ரெண்டாவது பறவை எங்கே போகிறது பார்க்கிறேன் என்று ஓடைப்பக்கம் இறங்கிப் போனவள் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. எனக்கு அன்றைக்கு நடக்க அலுப்பாக இருந்தது. மேலே ஏறி அந்தப் பாறை நிழலில் நின்றேன். காலடியில் கல். தட்டையாக, நகத்தளவில், ஒன்றுபோல. யாரோ எனக்கென்றே பொறுக்கி வைத்த மாதிரி. காலைக் குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட் பாக்கெட்டில் ஒரு ஜிப்லாக் பிளாஸ்டிக் பை இருந்தது. தெரியாமல் எடுத்தேன் என்று சொன்னால் பொய். தெரிந்து எடுத்தேன் என்றாலும் பொய். அவள் ஆறு வாரம் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும். வாங்கவில்லை. ரெண்டு நிமிஷ வேலை. பையை மூடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கீழே வந்து காரில் சாய்ந்து நின்றேன்.

அவள் திரும்பி வந்து பாறைக்கு ஏறினாள். குனிந்து விரலை நீட்டி எண்ணினாள். பிறகு, "அக்கா, மூணுதான் கெடக்கு" என்றாள். "நாப்பத்தொண்ணு இருந்துச்சு. இப்ப எண்ணுனேன். மூணுதான் கெடக்கு." அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ஜாக்கெட் பாக்கெட் தொடையில் கனத்தது.

"யாராவது வந்தாவளா?"

"யாரும் வரல" என்றேன். அது உண்மைதானே என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பேச்சை முடிக்க வேண்டும் போல இருந்தது. "குருவிதான் வந்து வந்து போயிட்டிருந்துது. வாயில கல்லு வச்சுக்கிட்டு உள்ள போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க பாத்தீயளா?"

"பாத்தேன்."

"கல்ல வெளிய இருந்து உள்ள கொண்டுபோச்சா? நல்லாப் பாத்தீயளா?"

"பாத்தேன்கிறேன்ல."

பிறகு அவள் என்னை மறுகேள்வி கேட்கவில்லை. பார்த்தேன் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அவளுக்கு அதற்கு மேல் கோர்ட் இல்லை. நோட்டை எடுத்து பாறை மேல் வைத்து எழுதினாள். குருவி பாவிய கல்லைத் தானே திரும்ப எடுத்ததாக அவள் படித்த எதிலும் இல்லையாம். வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். வீட்டுக்கு வந்து பையை கராஜில் கொலுப்பெட்டிக்குள் போட்டேன். திரும்பக் கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். சொல்லியிருக்கலாம், ஒரு திட்டோடு போயிருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்ல நினைத்தேன். ஜூனில் குஞ்சுகள் பறந்துபோயின. நானும் நடையை நிறுத்தினேன்.

ஆகஸ்டில் ஒருநாள் அவள் வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. நெவாடா பக்கத்திலிருந்து ஒரு பேராசிரியர் பதில் போட்டிருந்தார். அவளுடைய நோட்டு முழுவதையும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லிப் படித்திருக்கிறார். ஜனவரி செமஸ்டருக்கு மாணவியாக எடுத்துக்கொள்கிறேன், குருவி கல்லைத் திரும்ப எடுக்கிற அந்த விஷயத்தையே ஆராய்ச்சியாகச் செய்யலாம் என்று எழுதியிருந்தார்.

"அக்கா, நீங்க பாத்ததுதான் அவருக்குப் பிடிச்சிருக்கு" என்று என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறந்தேன். "கங்கிராட்ஸ்" என்றுதான் வந்தது.

அடுத்த மாசத்திலேயே அவள் புருஷனுக்கு வேலை போயிற்று. லேஆஃப். அந்த விசாவில் வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அவன் தினம் அப்ளை பண்ணினான். ஒன்றும் வரவில்லை. ஆனால் இவளுக்கு யுனிவர்சிட்டிக் காகிதம் அந்த அறுபது நாளுக்குள் வந்துவிட்டால் போதும். இவள் மாணவி விசா, அவன் இவளுக்கு டிபென்டென்ட். "இப்ப நான் இவ வாலைப் பிடிக்கணும் ஆன்ட்டி" என்று அவன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் அக்கா என்றாலும் அவன் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். எல்லாம் அந்தக் காகிதத்தில் நின்றது. எனக்கு அப்போது ஒரு குரூரமான ஆறுதல்கூட வந்தது. பாரேன், என் பொய்யால்தானே இவர்கள் தப்பிக்கிறார்கள் என்று.

நவராத்திரி வந்தது. அந்தக் கல்லை வைக்கக்கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் தீம் என்னவென்று குரூப்பில் சொல்லியாகிவிட்டது, வேறு தட்டைக்கல் கிடைக்கவில்லை. ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் யார் வித்தியாசம் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. அதுவும் அவர்கள் இருக்கிற நிலைமையில் அவள் எங்கே கொலு பார்க்க வரப்போகிறாள். பாவினேன். பாதை அம்சமாக வந்தது. நூற்றுச் சொச்சம் ஹார்ட்.

சரஸ்வதி பூஜையன்று அவள் வந்தாள். ஹாலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். நான் கிச்சன் வாசலிலிருந்து பார்த்தேன். அவள் படிகளைப் பார்த்தாள், பொம்மைகளைப் பார்த்தாள், பிறகு பார்க் பக்கம் குனிந்தாள். குனிந்தபடியே இருந்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பாட்டு முடிந்ததும் யாரோ, "எப்படி இருக்கு அக்காவோட கிரிவலம்?" என்று அவளைக் கேட்டார்கள். "நல்லாருக்கு. பாதை நல்லா வந்திருக்கு" என்றாள். பிறகு கிச்சனுக்குள் வந்தாள்.

"அக்கா, அதுல முப்பத்தொண்ணுதான் இருக்கு. மிச்சம் ஏழு எங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எந்த ஏழு?" என்று கேட்டுப் பார்த்தேன். "முப்பத்தெட்டுல முப்பத்தொண்ணு போக" என்றாள். வெளியே யாரோ அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள்.

"கொலுப்பெட்டியில ரெண்டு மூணு இருக்கும். மீதி கராஜ்ல எங்கயாவது கிடக்கும்" என்றேன்.

"அப்பம் குருவி எடுக்கல."

"எடுக்கல."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது என்கிற மாதிரித்தான் ஆட்டினாள். எனக்கு அதைப் பார்க்கக் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான். இப்படி ஒருத்தி இருப்பாளா என்று.

"இத எழுதப்போறியா?" என்றேன். "நல்லா யோசிச்சுக்கோ. இன்னும் பத்தொம்பது நாள்தான் இருக்கு உங்களுக்கு. லெட்டர் வரட்டும், விசா ஆகட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது? உனக்கும் எனக்கும்தானே."

"எனக்குத் தெரியுமேக்கா."

"உன் வீட்டுக்காரர நெனச்சுப் பாரு."

"அவியகிட்ட இன்னைக்கே சொல்லிருதேன்."

அதற்கு மேல் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மன்னிச்சுக்கோ என்று இல்லை. "அந்த நோட்டுல என் பேரு போட்டிருக்கியா?" என்று கேட்டேன். எங்கள் வட்டாரம், அந்தக் குரூப், கோயில் கமிட்டி எல்லாம் அந்த ஒரு நொடியில் என் கண் முன்னால் வந்து போனது.

அவள் என்னைப் பார்த்தாள். "பேரு போடல. கூட வந்தவங்கன்னுதான் போட்டிருக்கேன். இப்ப அதுவும் வேண்டாம். நான் பாக்காதத எழுதிட்டேன்னு எழுதுதேன். அது நெசந்தான." ரவிக்கைத் துண்டும் தாம்பூலமும் வைத்துக் கொடுத்தேன். ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் எழுதினதற்குப் பேராசிரியர் ரெண்டு வரியில் நன்றி சொல்லிப் பதில் எழுதினாராம். அவள் புருஷன் சொன்னான். அதற்குப் பிறகு காகிதம் எதுவும் வரவில்லை. சரஸ்வதி பூஜையிலிருந்து பதினேழாம் நாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டுக்கு நான் டிரைவ் பண்ணுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். வேண்டாம் ஆன்ட்டி, ஊபர் புக் பண்ணியாச்சு என்றான். அந்த வருஷக் கொலு என்னுடையதுதான் என்று குரூப்பில் முடிவானது.

தன் பேரிலேயே தப்பைப் போட்டுக்கொண்டு அவள் அதைச் சொன்ன நிமிஷத்தில் எனக்கு அழுகை வந்தது, காலில் விழத் தோன்றியது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.